கவிஞருக்கு எத்தனை வேலை?

கேள்வி: பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியின் பாடல் வரிகளைத் தொகுத்த நூலுக்குப் பதிப்பாசிரியர் பால் மல்டூன் என்ற அயர்லாந்துக் கவிஞர் என்று அறிந்தேன். இவர் வானொலியிலும் இருந்தார், பேராசிரியராகவும் இருக்கிறார் என்கிறார்கள். இத்தனை வேலைகளுக்கு நடுவே எப்போதுதான் கவிதை எழுதினார்?
— கல்லூரி ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: நீங்கள் சொன்னவை அவர் பார்த்த வேலைகளில் பாதிகூட இல்லை. 1951-இல் வட அயர்லாந்தின் ஆர்மா மாவட்டத்தில் பிறந்த மல்டூனின் தந்தை வயல்வேலையும் காய்கறிச் சாகுபடியும் செய்தவர். தாய் பள்ளி ஆசிரியை. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கவிஞர் ஷேமஸ் ஹீனியிடம் பயின்ற அவருடைய முதல் தொகுதியான 'நியூ வெதர்' 1973-இல் ஃபேபர் வெளியீடாக வந்தது. அதே ஆண்டில் பி.பி.சி.யின் பெல்ஃபாஸ்ட் நிலையத்தில் கலை நிகழ்ச்சித் தயாரிப்பாளராகச் சேர்ந்து, 1986 வரை அங்கேயே இருந்தார். தெருவில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'ஒய் பிரவுன்லீ லெஃப்ட்' (1980), 'க்வூஃப்' (1983) இரண்டும் இந்த உத்தியோக காலத்தில் வந்தவையே. எனவே, வேலையை விட்ட பிறகு கவிதை எழுதினார் என்றோ, வேலை கவிதையை விழுங்கியது என்றோ சொல்வதற்கு அவருடைய வாழ்க்கையில் இடமில்லை.

என் கருத்து இன்னும் ஒரு படி மேலே. வானொலி அவருக்குச் சோறு போட்டதோடு நிற்கவில்லை, சொல்லும் முறையையும் கற்றுக் கொடுத்தது என்றே நினைக்கிறேன். 'பிரவுன்லீ' கவிதையைப் பாருங்கள். பதினான்கே வரி. பிரவுன்லீ என்ற விவசாயி ஏன் போனான், எங்கே போனான் என்பது இன்றுவரை புதிர் என்று, செய்தி வாசிப்பவரின் குரலில் அது தொடங்குகிறது. அவனுக்கு என்ன குறை? இரண்டு ஏக்கர் பார்லி, ஒரு ஏக்கர் உருளைக்கிழங்கு, நான்கு காளைகள், ஒரு கறவை மாடு, ஓட்டு வீடு என்று எல்லாம் கணக்காகச் சொல்லப்படுகின்றன. மார்ச் மாதக் காலையில் உழப் போனவனைக் கடைசியாகப் பார்த்திருக்கிறார்கள். நண்பகலுக்குள் அவன் பெயர் ஊரெங்கும் பரவிவிட்டது. கடைசிச் சால் உழப்படாமல் கிடக்க, ஏரில் பூட்டிய இரண்டு கருப்புக் குதிரைகள் புருஷன் பெண்டாட்டி போல நின்று, கால் மாற்றி மாற்றி ஊன்றியபடி எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. காரணம் மட்டும் கடைசிவரை வரவில்லை. தகவல்களை மளமளவென்று அடுக்கிவிட்டு, கேட்பவர் காத்திருக்கும் ஒன்றைக் கொடுக்காமல் முடித்துவிடும் இந்தத் துணிச்சல், ஒலிபரப்பில் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணிப் பழகியவருக்கு எளிதில் கைவந்திருக்க வேண்டும்.

1987-இல் அமெரிக்கா சென்றார். அங்கே அவருக்கு நிலையான இடமாக அமைந்தது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். அந்தப் பணியில் இருந்துகொண்டே, 1999 முதல் 2004 வரை ஆக்ஸ்ஃபோர்டின் கவிதைப் பேராசிரியர் பொறுப்பை வகித்தார். இடையில் 2003-இல் புலிட்சர் பரிசு. 2007 முதல் 2017 வரை 'நியூயார்க்கர்' இதழின் கவிதைப் பகுதிக்கு ஆசிரியர். இதைத் தவிர ஐரிஷ் மொழிக் கவிஞர் நூலா நி கோனலின் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், தொகைநூல்கள் பதிப்பித்தார், குழந்தைகளுக்கும் எழுதினார். மெக்கார்ட்னியுடன் பல ஆண்டுகள் உரையாடி, 154 பாடல்களை வைத்து அவர் உருவாக்கிய இரு தொகுதி நூல் 2021-இல் வெளிவந்தது.

கேள்வி: புலிட்சர் பரிசு பெற்றவர் ராக் இசைக்குழுவுக்குப் பாட்டு எழுதுவது அவருடைய கவிதைக்கு இழுக்கில்லையா?
— வாசகர், கோவை

பதில்: இழுக்கு என்று சொல்ல மாட்டேன். பாட்டுக்கு வருமுன்பே அவர் மேடைக்கு எழுதியவர். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டைப் பற்றி இசையமைப்பாளர் டாரன் ஹேகனுடன் உருவாக்கிய 'ஷைனிங் பிரவ்' ஓபரா 1993-இல் அமெரிக்காவின் மேடிசன் நகரில் அரங்கேறியது. பாடகரின் மூச்சுக்கும் இசையமைப்பாளரின் தேவைக்கும் இடம் விட்டுச் சொல்லைக் குறைத்துக்கொள்ள வேண்டிய எழுத்து அது. பிறகு அமெரிக்கப் பாடகர் வாரன் ஸீவானுடன் சேர்ந்து 'மை ரைட்ஸ் ஹியர்' என்ற பாடலை எழுதினார். ஓட்டல் அறையில் இயேசுவும் நடிகர் ஜான் வெய்னும், தெருவில் ஆங்கிலக் கவிஞர்கள் ஷெல்லியும் கீட்ஸும் வந்துபோகிற விசித்திரமான பாட்டு. அதைத் தலைப்பாகக் கொண்ட இசைத்தொகுப்பு 2002-இல் வெளிவந்த சில மாதங்களில் ஸீவானுக்குக் குணமாகாத புற்றுநோய் என்று தெரிந்தது. மறு ஆண்டே அவர் காலமானார். அந்த நட்புக்கு மல்டூன் எழுதிய இரங்கற்பாவான 'சில்லிஹவ் ஸ்ட்ரைட்' அவருடைய 'ஹார்ஸ் லாட்டிட்யூட்ஸ்' (2006) தொகுதியில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் ஜான் டன்னின் தொடர்களும் ஸீவானின் பாட்டுகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அந்தக் கவிதை, பாட்டெழுதப் போகாதவரால் எழுதியிருக்க முடியாதது.

அதே சமயம், அவருடைய ராக் பாடல்களை மட்டும் தொகுத்து 2013-இல் வந்த நூலைத் தாளில் வாசிக்கும்போது எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. மெட்டு போட்டுத் தரும் பாதி பலம் அங்கே இல்லையே. அவரே கிதார் வாசித்த 'ராக்கெட்' குழுவில், ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் பற்றிய ஆய்வில் பேர்பெற்ற பிரின்ஸ்டன் பேராசிரியர் ஒருவரும் இருந்தார் என்பது கூடுதல் சுவாரசியம்.

கேள்வி: பிரின்ஸ்டன் சம்பளம் எல்லாருக்கும் கிடைக்காதே. மற்ற அயர்லாந்துக் கவிஞர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?
— அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். மல்டூனின் பலதரப்பட்ட வேலைகளுக்கு அடியில் முதலில் பி.பி.சி.யும் பிறகு பல்கலைக்கழகமும் தந்த மாதச் சம்பளம் இருந்தது. அதை மறந்துவிட்டு அவரைப் பின்பற்றுங்கள் என்று இளைஞருக்குச் சொல்வது நியாயமில்லை. டப்ளினின் ஃபிங்ளஸ் பகுதியில் 1959-இல் பிறந்த டெர்மட் போல்ஜரின் பாதை வேறு: தொழிற்சாலையில் வேலை, நூலகத்தில் உதவியாளர் வேலை, பதினெட்டு வயதிலேயே சொந்தப் பதிப்பகம், பிறகு கவிதை, நாவல், நாடகம் மூன்றும். பெரும்பாலோர் பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களுக்குக் கவிதைப் பயிற்சி அளித்தும், பட்டறைகள் நடத்தியும், மதிப்புரை எழுதியும், ஏதேனும் ஒரு நிறுவனம் அழைக்க அங்கே உறைவிட எழுத்தாளராகச் சில மாதங்கள் இருந்தும் காலம் தள்ளுகிறார்கள்.

அரசின் பங்கும் உண்டு. படைப்பிலிருந்து வரும் வருமானத்துக்கு 1969 முதல் வரிவிலக்கு இருக்கிறது. இப்போது ஆண்டுக்கு 50,000 யூரோ வரை. 1981-இல் தொடங்கப்பட்ட 'ஏஸ்டானா' என்ற கலைஞர் அமைப்பில், சக கலைஞர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் வருமானம் குறைந்தோருக்கு ஆண்டு உதவித்தொகை கிடைக்கும். 2022-இல் முன்னோட்டமாகத் தொடங்கிய அடிப்படை வருமானத் திட்டத்தில், தகுதியான விண்ணப்பதாரர்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட்ட 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ வழங்கப்பட்டது. குலுக்கல் என்றதும் சிரிக்க வேண்டாம். யாருடைய கவிதை நல்ல கவிதை என்று அதிகாரிகள் மதிப்பெண் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: மல்டூனை எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: 2016-இல் வந்த தேர்ந்தெடுத்த கவிதைகள் தொகுதி போதும். அதில் முதலில், மறைந்த அச்சோவியக் கலைஞர் மேரி ஃபார்ல் பவர்ஸை நினைந்து எழுதிய 'இன்கன்டாட்டா'வைப் படியுங்கள். 'மேடக்' என்ற நெடுங்கவிதையை மட்டும் தொடக்கத்திலேயே கையில் எடுக்க வேண்டாம். பகுதிக்கொரு தத்துவவாதியின் பெயரைத் தலைப்பாகத் தாங்கிய அந்தப் புத்தகத்தில் பழகிய வாசகரே திணறுவார்.