தமிழும் அரச கரும மொழிதானே, பிறகேன் வன்னியில் மொழிப் பிரச்சினை?

சட்டத்தில் பிரச்சினை தீர்ந்துதான் இருக்கிறது. இலங்கையில் 1956 இல் சிங்களம் மட்டும்தான் அரச கரும மொழி என்று சட்டம் வந்தது. 1987 இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 இன் 16ஆம் திருத்தப்படி வடக்கு, கிழக்கின் நிருவாக மொழியே தமிழ்தான். வன்னியிலுள்ள கிளிநொச்சிக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) தமிழிலேயே கடிதம் கொடுக்கலாம்.

சிக்கல் பொலிஸ் நிலையத்தில். மாடு களவுபோனதென்று தமிழில் சொல்வீர்கள். எழுதுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் முறைப்பாடு சிங்களத்தில் பதிவாகும். அரைகுறைத் தமிழில் வாசித்துக் காட்டி, கீழே கையொப்பம் வைக்கச் சொல்வார்கள். என்ன எழுதியிருக்கிறதென்றே தெரியாமல் வைத்த அந்தக் கையொப்பம் பிறகு நீதிமன்றத்தில் உங்களையே மடக்கலாம். தமிழில் எழுதச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. (கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும், பரவாயில்லை.)

வெளியுலகிலும் இதே கதைதான். 1952 பெப்ரவரி 21 இல் அப்போது கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த டாக்காவில் வங்க மொழிக்காகப் போராடிய மாணவர்கள் சுடப்பட்டார்கள். 1956 இல், இலங்கை சிங்களம் மட்டும் என்ற அதே ஆண்டில், பாகிஸ்தான் அரசியலமைப்பு வங்க மொழியையும் ஏற்றது. ஆனாலும் 1970 தேர்தலில் வென்ற கிழக்குப் பாகிஸ்தான் கட்சியான அவாமி லீக்கிடம் ஆட்சியைக் கொடுக்க பாகிஸ்தான் ஆட்சியாளர்கள் மறுத்தார்கள். அடுத்த ஆண்டே நாடு பிரிந்து வங்கதேசம் உருவானது.