டிரம் கோர் குழுவுக்குப் பணம் கட்டும் முன் அதன் கணக்கை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: அமெரிக்காவில் எங்கள் மகள் ஒரு டிரம் கோர் குழுவுக்கு, அதாவது டிரம்மும் பித்தளைக் குழல்களும் வாசித்தபடி அணிவகுத்துப் போட்டியிடும் இளைஞர் குழுவுக்குத் தேர்வாகியிருக்கிறாள். சீசன் கட்டணம் 5,000 டாலர். குழு நடுவில் படுத்துவிடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இவர்களை யார் கண்காணிக்கிறார்கள்?

பதில்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெற்றோர் பெரும்பாலும் ஏமாறுவது அங்கேதான். போட்டிகளை நடத்தும் டிரம் கோர் இன்டர்நேஷனல், அதாவது டிசிஐ, குழுக்களின் முதலாளி அல்ல. ஒவ்வொரு குழுவும் தனித்தனி லாப நோக்கற்ற நிறுவனம். டிசிஐ உறுப்பினர் தகுதியைப் பரிசீலிக்கும், நடத்தை விதிகளை வைக்கும். ஆனால் குழுவின் வங்கிக் கணக்கில் இன்று எவ்வளவு இருக்கிறது என்று தினமும் பார்ப்பது அதன் வேலை இல்லை. வரித்துறையான ஐஆர்எஸ் ஆண்டுக்கு ஒரு படிவம் வாங்குகிறது, அவ்வளவுதான். குழுவை நடத்தும் டைரக்டரை அன்றாடம் நிறுத்திக் கேள்வி கேட்கும் அதிகாரம் அந்தக் குழுவின் சொந்த நிர்வாகக் குழுவுக்குத்தான் உண்டு. ஆகவே நீங்கள் தேட வேண்டியது அந்த நிர்வாகக் குழு விழித்திருக்கிறதா என்பதைத்தான்.

போட்டியில் வாங்கும் மதிப்பெண்ணை வைத்து எடை போடாதீர்கள். சான்டா கிளாரா வேன்கார்ட் 2018இல் சாம்பியன். அதே குழு 2022இன் இறுதியில், பண நெருக்கடியால் அடுத்த சீசனில் இறங்க முடியாது என்று அறிவித்தது. 2024இல்தான் திரும்பி வந்தது.

பணம் எங்கே சிக்குகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். நவம்பரில் தேர்வு முகாம் தொடங்கும். அங்கிருந்து மே வரை மாதத் தவணைகள் வந்துகொண்டிருக்கும். செலவோ மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரைக்குள் மொத்தமாகப் பாயும்: பேருந்து வாடகை, டீசல், நூற்றைம்பது பிள்ளைகளுக்கும் ஊழியர்களுக்கும் நாளுக்கு நாலு வேளை சாப்பாடு, தங்கும் பள்ளிகளுக்கு வாடகை, காப்பீடு. கட்டணம் மட்டும் இதற்குப் போதாது. தலைக்கு 5,000 டாலர் என்று 150 பேர் கட்டினாலும் 7,50,000 டாலர்தான் வரும். பெரிய குழுவின் பட்ஜெட் பத்து லட்சம் டாலரைத் தாண்டும். மீதியை நன்கொடை, போட்டி வருமானம், டி-ஷர்ட் விற்பனை, கலிஃபோர்னியாவில் என்றால் பிங்கோ என்ற எண் விளையாட்டு அரங்கு என்று நிரப்புகிறார்கள். அதில் ஏதோ ஒன்று சரிந்தால், செப்டம்பரில் பேருந்து கம்பெனிக்குப் பாக்கி நிற்கும். டிசம்பரில் புதுப் பிள்ளைகளின் முன்பணம் வந்ததும் அதை எடுத்து அந்தப் பாக்கியை அடைப்பார்கள். யாரும் திருடவில்லை. ஆனால் வரப்போகும் கோடைக்கான பணம் போன கோடைக்குப் போய்விட்டது. இரண்டு மூன்று வருடம் இப்படி ஓடினால் ஒரு மே மாதத்தில் பேருந்துக்கு முன்பணம் கொடுக்கக் காசு இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க, ஐஆர்எஸ் ஆண்டுதோறும் வாங்குவதாகச் சொன்ன அந்தப் படிவத்தை எடுங்கள், அதன் பெயர் ஃபார்ம் 990. ஆண்டு வரவு 2,00,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் முழுப் படிவத்தையும் தாக்கல் செய்தாக வேண்டும். கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களை யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஐஆர்எஸ் தளத்திலும் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்திலும் இலவசமாகவே கிடைக்கும். பத்தாம் பகுதிக்குப் போங்கள், அது இருப்புநிலைக் குறிப்பு. 1, 2ஆம் வரிகள் கையிருப்பு ரொக்கம். 19ஆம் வரி, இன்னும் செய்யாத வேலைக்காக முன்கூட்டியே வாங்கிய பணம். நிதியாண்டு டிசம்பர் 31இல் முடியும் குழு என்றால், அந்த 19ஆம் வரியில் இருப்பது பெரும்பாலும் அடுத்த கோடைக்குப் பிள்ளைகள் கட்டிய தவணைகள். உதாரணத்துக்கு, அங்கே 1,80,000 டாலர் என்று இருந்து, ரொக்கம் 40,000 மட்டும் என்றால், மீதி 1,40,000 எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிந்தால் இந்த வரி சிறிதாகத்தான் இருக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள். அப்போது 17ஆம் வரியில் உள்ள பாக்கிகளையும் 22 முதல் 24 வரையுள்ள கடன்களையும் பாருங்கள். 22ஆம் வரியில் தொகை இருந்தால், நிர்வாகிகளோ அவர்களைச் சேர்ந்தவர்களோ குழுவுக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நல்ல மனதோடு கொடுத்திருக்கலாம். ஆனால் கடன் கொடுத்தவரையே கேள்வி கேட்பது கஷ்டம்.

அடுத்தது ஆறாம் பகுதி. நிர்வாகக் குழுவில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர் எத்தனை பேர், அதில் சுயேச்சையானவர் எத்தனை பேர், குடும்ப உறவோ தொழில் உறவோ உண்டா, கூட்டக் குறிப்பு எழுதுகிறார்களா, படிவத்தைத் தாக்கல் செய்யும் முன் உறுப்பினர் எல்லோருக்கும் கொடுத்தார்களா, முறைகேட்டைச் சொல்பவருக்குப் பாதுகாப்பு உண்டா, டைரக்டரின் சம்பளத்தை யார் எப்படி முடிவு செய்தார்கள் என்றெல்லாம் அங்கே கேட்டிருக்கும். ஐந்தாம் வரியைத் தவறவிடாதீர்கள். பெரிய அளவில் சொத்து திசைதிருப்பப்பட்டதா என்ற கேள்வி அது. ‘ஆம்’ என்றிருந்தால் விளக்கம் படிவத்தின் இணைப்பான ஷெட்யூல் ஓவில் (Schedule O) இருக்கும். டைரக்டரின் சொந்தக் கம்பெனியிடமிருந்து சீருடையோ வாகனமோ வாங்கியிருந்தால் அது இன்னொரு இணைப்பான ஷெட்யூல் எல்லில் (Schedule L) வரலாம்.

இந்தப் படிவத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு: தாமதம். 2023 செப்டம்பர் 30இல் முடிந்த ஆண்டுக்கு 2024 பிப்ரவரி 15 கெடு, அவகாசம் கேட்டால் ஆகஸ்ட் 15. அதற்குள் அடுத்த சீசனின் இறுதிப் போட்டியே முடிந்துவிடும். ஆகவே பொருளாளருக்கு நேரடியாக எழுதுங்கள்: கடைசியாக முடிந்த சீசனின் வரவு செலவைத் தர முடியுமா, வெளித் தணிக்கை நடந்ததா, வங்கி ஸ்டேட்மென்ட் டைரக்டருக்குப் போகிறதா அல்லது காசோலையில் கையெழுத்துப் போடாத ஒருவருக்கு நேராகப் போகிறதா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே பாதி தெரிந்துவிடும். கலிஃபோர்னியாவில் ஆண்டு வருவாய் 20 லட்சம் டாலரைத் தொட்டால் தணிக்கையும் தணிக்கைக் குழுவும் சட்டப்படி கட்டாயம்.

நீங்களே தன்னார்வலராகவோ நிர்வாகத்திலோ சேர நேர்ந்தால், டி-ஷர்ட் விற்கும் வண்டியிலிருந்து ஆரம்பியுங்கள். ரொக்கம் புழங்கும் இடம் அதுதான். ஏற்றும்போது 600 சட்டை, இறக்கும்போது 210 என்றால் 390 போயிருக்கிறது. தலா 30 டாலர் என்றால் 11,700 டாலர் ரொக்கமும் கார்டுமாக வந்திருக்க வேண்டும். இலவசமாகக் கொடுத்ததை அன்றே பெயரோடு எழுதாவிட்டால் இந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது. எண்ணும்போது இரண்டு பேர், அதுவும் ஒரே குடும்பம் அல்லாத இரண்டு பேர்.

பெற்றோர் சங்கங்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். நிதி திரட்டிய குடும்பத்துக்கு மட்டும் அந்தத் தொகையை அவர்கள் பிள்ளையின் கட்டணத்தில் கழிப்பது. நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் கேப்பிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் சங்கம் இதைச் செய்து வரிவிலக்கை இழந்தது. 2013இல் வரி நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. திரட்டியது பொதுவில் சேர்ந்து எல்லோருக்கும் குறைய வேண்டும், அல்லது வசதியற்ற பிள்ளைகளுக்கு உதவித்தொகையாகப் போக வேண்டும்.

படிவத்தில் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. 1934இல் தொடங்கி பத்து முறை டிசிஐ பட்டம் வென்ற தி கேடட்ஸ், 2018இல் பெண்கள் பலர் சொன்ன பாலியல் குற்றச்சாட்டுகளால் டைரக்டரை இழந்தது, நிர்வாகக் குழுவும் விலகியது. பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்பட்ட பாலியல் கொடுமை தொடர்பான வழக்கின் செலவைத் தாங்க முடியாமல் 2024இல் மூடியது. ஒரே மனிதரைப் பல்லாண்டு யாரும் தட்டிக் கேட்காத இடத்தில் பிள்ளைகளும் பாதுகாப்பாக இல்லை, பணமும் இல்லை. அதனால் பாலியல் துன்புறுத்தலுக்குத் தனிக் காப்பீடு உண்டா, பழைய பாலிசிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்களா, புகார் டைரக்டரைத் தாண்டி நேராக நிர்வாகக் குழுவுக்குப் போக வழி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

பணம் கட்டும்போது குழுவின் பெயரில் காசோலையோ கிரெடிட் கார்டோ மட்டும். தனிநபரின் வென்மோ (செல்பேசியில் பணம் அனுப்பும் செயலி) கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். சீசன் ரத்தானால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் தவணைக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைச் சேமித்து வையுங்கள்.