பெட்டியில் போட்ட வேகமும் குழலில் வரும் வேகமும்: ஏர் ரைபிள் கேள்வி பதில்

ஏர் ரைபிளில் போட்டுச் சுடும் சின்னக் குண்டான பெல்லட்டின் வேகத்தை எப்படி அளப்பது என்று நம்ம கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எனக்குக் கணபதியில் லேத் பட்டறை. அளக்காமல் எதையும் நம்பக் கூடாது என்பது தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம். எல்லாப் பதிலுக்கும் பொதுவாக ஒன்று: பெல்லட் என்ன எடை என்று சொல்லாமல் வேகத்தை மட்டும் சொன்னால் அந்த நம்பருக்கு மதிப்பில்லை. எஃப்.பி.எஸ். என்றால் வினாடிக்கு எத்தனை அடி என்பது; குரோனோகிராப் என்றால் பெல்லட் வேகத்தை அளக்கும் மெஷின்.

பல்லடம்: அண்ணா, புதுசா .177 ஸ்பிரிங் ரைபிள் வாங்குனேனுங்க. பெட்டியில 1000 எஃப்.பி.எஸ்.னு போட்டிருக்குது. கிளப்புல குரோனோகிராப்ல வெச்சுப் பாத்தா 720-ஐத் தாண்டவே இல்லீங்க. ஏமாத்திட்டாங்களா?

ரைபிளில் கோளாறு இல்லை தம்பி. அந்த 1000 ஈயப் பெல்லட்டுக்குச் சொன்னது அல்ல. எடை குறைந்த அலாய் பெல்லட் போட்டு, கிடைத்ததில் பெரிய நம்பரை எடுத்துப் பெட்டியில் அச்சடிப்பது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம்.

கணக்குப் போட்டே இதைக் கண்டுபிடிக்கலாம். 1000 எஃப்.பி.எஸ். என்பது வினாடிக்கு 305 மீட்டர். சாதாரண ஈயப் பெல்லட் 0.53 கிராம். ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. எடையைக் கிலோவில் போட வேண்டும். போட்டால் 24.6 ஜூல் வருகிறது. 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலைத் தாண்டினாலோ, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரை (உங்கள் .177 அங்குலம் அதுதான்) தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். உங்களுக்கு லைசென்ஸ் கேட்காமல்தான் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் 0.53 கிராம் பெல்லட்டில் அது 275 மீட்டரை, அதாவது சுமார் 900 எஃப்.பி.எஸ்.ஸைத் தாண்டவே கூடாது. அதே 1000-ஐ 0.35 கிராம் பெல்லட்டுக்குப் போட்டுப் பாருங்கள்: 16.3 ஜூல். எந்தப் பெல்லட்டை வைத்து அந்த நம்பரை எடுத்திருப்பார்கள் என்று இப்போது புரியும்.

உங்கள் 720 என்பது 219 மீட்டர், ஆற்றல் 12.7 ஜூலுக்குப் பக்கம். நல்ல ஸ்பிரிங் ரைபிள் அது. போர்வெல் மோட்டார் நேம் பிளேட்டில் போட்ட ஹெட்டை, அதாவது தண்ணீர் ஏற்றும் உயரத்தை, நம்பியா நாம் தண்ணீர் கணக்குப் போடுகிறோம்? வாய்க்காலில் வந்து விழுவதைத்தானே பார்க்கிறோம்.

அவிநாசி: பெல்லட் எடையை எதுல போடறதுங்க? மளிகைக்கடைத் தராசுல காட்டவே மாட்டேங்குது.

திருப்பூர் பக்கம் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! பனியன் கம்பெனியில் துணியை வட்டமாக வெட்டி ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பார்க்கிறார்களே, அந்தத் தராசு 0.01 கிராம் வரை காட்டும். ஒரு பெல்லட்டை வைக்காதீர்கள். 20 பெல்லட்டை ஒன்றாக வைத்து வந்ததை 20-ஆல் வகுங்கள். 10.60 வந்தால் ஒன்று 0.53. தனித்தனியாகப் பார்க்க ஆசை இருந்தால் நகைப்பட்டறைத் தராசு வேண்டும். டப்பா மேல் போட்ட எடையை நம்பாதீர்கள். மலிவு டப்பாவில் ஒன்றுக்கொன்று நன்றாகவே வித்தியாசம் இருக்கும்.

தாராபுரம்: குரோனோகிராப் வாங்க வசதி இல்லீங்ண்ணா. கையில போன்தான் இருக்குது. எதாச்சும் வழி இருக்குதுங்களா?

இருக்கிறது, நல்ல வழி. போன் வேகத்தைப் பார்க்காது, ஆனால் கேட்கும். சுடும் சத்தத்துக்கும் பெல்லட் போய் அடிக்கும் சத்தத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று பார்த்தால் போதும்.

பலர் தப்பு விடுவது போனை வைக்கும் இடத்தில். துப்பாக்கிப் பக்கத்தில் வைத்தால், அடித்த சத்தம் திரும்பிவர எடுக்கும் நேரமும் கணக்கில் ஏறிவிடும். 35 டிகிரி வெயிலில் ஒலி வினாடிக்கு 352 மீட்டர் போகும். 10 மீட்டர் கடக்க 28 மில்லிசெகண்ட். பெல்லட் போகிற நேரமே 60 மில்லிசெகண்ட்தான் என்னும்போது அது பெரிய பிழை. அதனால் போனைச் சரியாக நடுவில், சுடும் கோட்டிலிருந்து ஓரமாகத் தள்ளி வையுங்கள். இரண்டு சத்தமும் ஒரே தூரம் வந்து போனை எட்டும். ஒலியின் நேரம் தானாகக் கழிந்துவிடும்.

ஸ்பிரிங் ரைபிளில் இன்னொரு சிக்கல். டிரிகர் விட்டதும் பிஸ்டன் ஓடுகிற சத்தம் முதலில் வரும், பெல்லட் குழலை விட்டு வெளியேறுவது கொஞ்சம் பிந்தி. அலை வடிவத்தில் எது குழல் வாய்ச் சத்தம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இதற்கு இரண்டு தூரத்தில் சுட வேண்டும். 5 மீட்டரில் சில ஷாட், 15 மீட்டரில் சில ஷாட், இரண்டிலும் போன் நடுவில். ரெக்கார்டிங்கைக் கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து பெரிதாக்குங்கள். எல்லா ஷாட்டிலும் முதல் சத்தத்தின் ஒரே இடத்தைக் குறியுங்கள். அது எந்த இடமாக இருந்தாலும் பரவாயில்லை. 5 மீட்டரில் 31 மில்லிசெகண்டும் 15 மீட்டரில் 91-ம் வந்தது என்று வையுங்கள். கழித்தால் 60. அந்த 10 மீட்டரைக் கடக்க 0.060 வினாடி, ஆக 167 மீட்டர் வேகம். பிஸ்டன் தாமதம் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் கழித்தலில் போய்விட்டது.

கிடைப்பது குழல் வாய் வேகம் அல்ல, 5-க்கும் 15-க்கும் நடுவில் உள்ள சராசரி. குழல் வாயில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஒரு மில்லிசெகண்ட் தவறினால் விடையில் 3 மீட்டர் போல மாறும். அதனால் ஒரு ஷாட்டை நம்பாமல் சராசரி எடுங்கள். தோட்டத்து மண் சுவரையோ வைக்கோல் போரையோ பின்னால் நம்பாமல், பெல்லட்டைப் பிடித்து நிறுத்தும் கெட்டியான டிராப் பெட்டி வையுங்கள். தகரத்தை நேராக அடித்தால் ஈயம் திரும்பி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடாதீர்கள்.

நாமக்கல்: ஸ்லோமோஷன் வீடியோவுல பெல்லட்டப் பாத்து அளக்கலாமுங்களா?

முடியாது. வினாடிக்கு 240 படம் எடுக்கும் போனில், 200 மீட்டர் வேக பெல்லட் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 83 சென்டிமீட்டர் போய்விடும். தெரிந்தால் ஒரு கோடாகத் தெரியும், அவ்வளவுதான்.

கோபி: நான் மேல்நிலைப்பள்ளி இயற்பியல் ஆசிரியர். உந்த அழிவின்மைக்கு இதை ஒரு உதாரணமா நடத்தலாமுன்னு பாக்கறேன். ஊசல் முறை இன்னும் வேலைக்காகுமா?

நன்றாக ஆகும் சார். பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் எழுதி வெளியிட்ட முறை அது. அந்தக் காலத்தில் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை இதை வைத்துக் கண்டார்கள். பள்ளிக்குள் துப்பாக்கியைக் கொண்டுபோக வேண்டாம். ரேஞ்சில் சுட்டு வீடியோ எடுத்து வகுப்பில் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு தகர டப்பாவில் பிசைந்த களிமண்ணை அடைத்து, டப்பாவோடு 500 கிராம் வருமாறு செய்யுங்கள். நான்கு மூலையிலும் ஒரு மீட்டர் நூல் கட்டித் தொங்க விடுங்கள். ஒற்றை நூலில் தொங்கினால் டப்பா சுற்றும், ஆற்றல் வீணாகும். பின்னால் மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாள். பக்கவாட்டில் போன். பெல்லட் மண்ணில் புதைந்ததும் டப்பா எவ்வளவு தூரம் கிடையாக நகர்ந்தது என்று வீடியோவை நிறுத்திப் படியுங்கள். ஒரு மீட்டர் நூலுக்கு, நகர்ந்த தூரத்தை மீட்டரில் எடுத்து 3.13-ஆல் பெருக்கினால் டப்பாவின் தொடக்க வேகம். அதை மொத்த எடைக்கும் பெல்லட் எடைக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால் பெல்லட் வேகம். 6.4 சென்டிமீட்டர் நகர்ந்தால் டப்பாவின் வேகம் 0.200, 500.53-ஐ 0.53-ஆல் வகுத்தால் 944. இரண்டையும் பெருக்க 189 மீட்டர்.

பிழை வருவது இரண்டு இடத்தில். மண் காய்ந்து கெட்டியாக இருந்தால் பெல்லட் தெறித்துத் திரும்பும். அப்போது டப்பாவுக்குக் கூடுதல் உந்தம் கிடைத்து வேகம் அதிகமாகக் காட்டும். அடுத்தது, துப்பாக்கியை ரொம்பப் பக்கத்தில் பிடித்தால் குழலிலிருந்து வரும் காற்றே டப்பாவைத் தள்ளும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, நடுவில் ஓட்டை போட்ட அட்டை ஒன்றை நிறுத்துங்கள். பிள்ளைகளிடம் ஆற்றல் அழிவின்மையை வைத்து ஏன் போட முடியாது என்று கேட்டுப் பாருங்கள் சார். பெல்லட்டின் ஆற்றலில் கிட்டத்தட்ட முழுவதும் மண்ணைக் குழைப்பதிலும் சூட்டிலும் போய்விடுகிறது என்பதைக் கணக்கில் பார்த்தால் அசந்துபோவார்கள்.

ஊத்துக்குளி: குடோனுக்குள்ள வெச்சு குரோனோகிராப்ல சுட்டா ஒரு தடவ 600, ஒரு தடவ 1900, ஒரு தடவ எரர். மெஷின் போயிருச்சுங்களா?

விளக்கை மாற்றுங்கள். அந்த மெஷினில் ஒளியை உணரும் இரண்டு கண் இருக்கிறது; பெல்லட் நிழல் முதல் கண்ணில் விழுந்ததும் கடிகாரம் ஓடும், இரண்டாவதில் விழுந்ததும் நிற்கும். நம் கரண்ட் 50 சுழற்சி என்பதால் டியூப் லைட்டும் மலிவு எல்.இ.டி.யும் வினாடிக்கு 100 தடவை மங்கி எரியும். அதையே நிழல் என்று எடுத்துக்கொள்கிறது. பழைய குண்டு பல்பு பரவாயில்லை. வெளியே என்றால் மேகமூட்டமான நாள்தான் அருமை. உச்சிவெயில் கண்ணில் நேராக விழுந்தால் பெல்லட்டையே காணாது. மேலே வெள்ளைத் தடுப்பு மாட்டுங்கள். ஆடிக் காற்றில் ஸ்டாண்டு ஆடாமல் கல் வைத்து அழுத்துங்கள். குழலில் மாட்டுகிற டனல் வகை தன் இன்ஃப்ராரெட் விளக்கையே வைத்துக்கொள்வதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் குழலுக்கு நேர்கோட்டில் மாட்டாவிட்டால் முதல் பெல்லட்டே மெஷினுக்குள் அடிக்கும்.

காங்கேயம்: தாத்தா காலத்து டயானா 35 ஏர் ரைபிள் ஒண்ணு இருக்குதுங்க. மிஷின் ஆயில் விட்டேன். இப்ப பட்டாசு மாதிரி வெடிக்குது, பொகை வருது, வேகமும் ஏறிப்போச்சு. நல்லதுதானுங்களே?

நல்லதே இல்லைங்க. தையல் மிஷின் ஆயில் நம்ம ஊரில் எங்கும் கிடைக்கும், அதனாலேயே இந்தத் தப்பு அதிகம் நடக்கிறது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில் அந்த ஆயில் டீசல் இன்ஜின் போல எரிகிறது. வேகம் ஏறியது அதனால்தான். பட்டாசுச் சத்தம் வருகிறதென்றால் எரிப்பு பலமாக இருக்கிறது, பெல்லட் ஒலி வேகத்தைத் தாண்டிக்கொண்டிருக்கவும் கூடும். பிஸ்டன் சீலும் ஸ்பிரிங்கும் போகும். அந்த நேரத்தில் எடுத்த அளவு எதையும் குறிக்காதீர்கள். சீலுக்குத் தேவையானால் அதற்கென்று உள்ள சிலிக்கான் ஆயில் ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். புகை நின்று நம்பர் ஒரே மாதிரி வரத் தொடங்கிய பிறகு அளப்பதுதான் உங்கள் ரைபிளின் வேகம்.

மேட்டுப்பாளையம்: சி.ஓ.2 பிஸ்டல், இங்க நல்லா அடிக்குது. ஊட்டிக்குக் கொண்டுபோனா சோர்ந்துருது.

சிலிண்டருக்குள் இருப்பது திரவமாக அடைத்த கார்பன் டை ஆக்சைடு வாயு. அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பம். 20 டிகிரியில் சுமார் 57 பார், 10 டிகிரியில் 45 பார். அளக்கும்போது வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள். வேகமாக அடுத்தடுத்துச் சுட்டாலும் சிலிண்டர் குளிர்ந்து வேகம் இறங்கும், ஷாட்டுக்கு நடுவில் இடைவெளி விடுங்கள்.

ஈரோடு: எம் பொண்ணு 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகறாளுங்க. அவ ரைபிள் 570 எஃப்.பி.எஸ்.தான் காட்டுதுன்னு கூடப் படிக்கற பையன் கேலி பண்றானாம்.

அம்மிணி, அந்தப் பையனிடம் சொல்லச் சொல்லுங்கள்: போட்டி ரைபிள்கள் வேண்டுமென்றே அந்த 570 பக்கம், அதாவது வினாடிக்கு 170, 175 மீட்டரில் வைக்கப்படுகின்றன. அவள் அடிக்கும் பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதற்குத் தேவை ஒவ்வொரு ஷாட்டும் ஒரே வேகத்தில் போவது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதே 10 மீட்டரில்தான். பத்து ஷாட் வேகத்தை எழுதி, அதிகத்துக்கும் குறைவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அது சில எஃப்.பி.எஸ்.ஸுக்குள் இருந்தால் ரைபிள் சுகமாக இருக்கிறது. திடீரென்று விரிந்தால் ரைபிளின் காற்று கசியாமல் தடுக்கும் சீல், காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர் இரண்டையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டிய நேரம். பெல்லட் தேர்வுக்கு மட்டும் குரோனோகிராப்பை நம்பாதீர்கள். ரைபிளை இறுகக் கட்டி, பேப்பரில் ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உடுமலை: மயில் வந்து மக்காச்சோளத்த நாசம் பண்ணுது. வெரட்ட எத்தன வேகம் போதும்?

எந்த வேகமும் கூடாது. மயில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, சுட்டால் சிறை. பயிர்ச் சேதத்தின் வலி எனக்குத் தெரியும், வனத்துறையில் மனு கொடுங்கள். இந்த மாதிரிக் கேள்விக்கு இனி நான் பதில் எழுத மாட்டேன்.

பொள்ளாச்சி: பி.சி.பி.யில ரெகுலேட்டர் இல்லீங்க. 200 பார் அடிச்சா முதல் ஷாட்டு மெதுவாப் போகுது, அப்பறம் ஏறுது, அப்பறம் எறங்குது. ஏனுங்க?

பி.சி.பி. என்பது காற்றை முன்னாலேயே அழுத்தி நிரப்பி வைத்துச் சுடும் ரைபிள். அழுத்தம் ரொம்ப அதிகமாக இருக்கும்போது உள்ளே இருக்கும் சுத்தியலால் வால்வை முழுசாகத் திறக்க முடியாது, காற்று குறைவாகத்தான் வரும். அழுத்தம் இறங்க இறங்க வால்வு நன்றாகத் திறக்கிறது, வேகம் ஏறுகிறது. பிறகு காற்றே போதாமல் இறங்குகிறது. ஒரு முழு ஃபில்லையும் ஷாட் ஷாட்டாகக் குரோனோகிராப்பில் சுட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கேஜ் அழுத்தத்தையும் எழுதுங்கள். நடுவில் வேகம் அதிகம் மாறாமல் ஒரு மேடு கிடைக்கும். அந்த மேடு 170 பாரில் தொடங்கினால் உங்கள் ஃபில் 170 தான். 200 வரை பம்ப் அடிப்பது தோள்வலிக்கு மட்டும். மேடு முடியும் அழுத்தம் வந்ததும் மறுபடி நிரப்புங்கள். சுத்தியல் ஸ்பிரிங்கை இறுக்கி முதல் ஷாட்டையே வேகமாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மேட்டின் உச்சியில் 20 ஜூலைத் தாண்டிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது, ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்.