இசைத்தட்டுக் கேள்வி–பதில்: படம் பதித்த மேடைப் பதிவுகள்

ஹெவி மெற்றல் குழுக்களின் மேடை நிகழ்ச்சிகள் அளவான எண்ணிக்கையில் பிக்சர் டிஸ்க்காக, அதாவது படம் பதித்த இசைத்தட்டாக, வருவதுண்டு. அவற்றைச் சேர்க்கிற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: அயர்ன் மெய்டன் குழுவின் ‘என் விவோ’ இரட்டைப் பிக்சர் டிஸ்க் வாங்கினேன். பாட்டுத் தொடங்க முன்னரே சர்ரென்று இரைகிறது. என்னிடமுள்ள கறுப்புத் தட்டுகளில் இப்படி இல்லை. பழுதான தட்டை விற்றுவிட்டார்களா?
– வாசகர், கொக்குவில்

பதில்: அநேகமாகப் பழுதில்லை. கறுப்புத் தட்டு என்பது சூடாக்கிய பிவிசி பிளாஸ்ரிக் கட்டியை இரண்டு அச்சுகளுக்கிடையில் நசுக்கிச் செய்வது. உருகிய பிவிசி அச்சின் நுண்ணிய இடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். பிக்சர் டிஸ்க்கில் நடுவே ஒரு பிவிசித் தட்டு, அதன் இரு பக்கமும் அச்சிட்ட கடதாசிப் படம், அதற்கு மேலே மெல்லிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தாள் என்று அடுக்கு அடுக்காக இருக்கும். ஊசி ஓடுகிற பள்ளம் அந்த மேல்தாளில்தான் விழுகிறது. தாள் கட்டி அளவுக்கு இளகி ஓடாது; பள்ளத்தின் சுவர் அவ்வளவு வழுவழுப்பாக வராது. அந்தச் சொரசொரப்பைத்தான் நீங்கள் இரைச்சலாகக் கேட்கிறீர்கள்.

பழுதா, இயல்பா என்று பிரித்தறிய வழியுண்டு. ஒரே சீராக இரைந்தால் அது மேல்தாளின் குணம்; கழுவினாலும் போகாது. ‘டக்’ என்ற சத்தம் 1.8 செக்கனுக்கு ஒருதரம் வந்தால், தட்டின் ஒரே இடத்தில் கீறலோ குமிழோ இருக்கிறது. ஏனென்றால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 செக்கன். ஒழுங்கில்லாமல் பொரிந்தால் தூசி அல்லது நிலைமின். இரைச்சல் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் என்றால் தட்டை விட்டுவிட்டு காட்றிஜ்ஜின் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டியின்) நான்கு சிறு வயர்களைப் பாருங்கள்.

சிலர் தேய்வுக்குப் பயந்து ஊசியின் பாரத்தைக் குறைப்பார்கள். அது தலைகீழான வேலை. ஓடியோ ரெக்னிக்கா விஎம்95இ காட்றிஜ்ஜுக்கு 1.8 முதல் 2.2 கிராம், ஓர்ட்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம் என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கீழே இறக்கினால் ஊசி பள்ளத்தில் உட்காராமல் சுவரில் மோதி மோதி ஓடும். பாரத்தைச் சிறிய டிஜிற்றல் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஊசிக்கையின் பின்பாரத்தில் உள்ள இலக்கத்தை நம்ப வேண்டாம். சூட்கேஸ் வடிவ மலிவு பிளேயர்களில் செராமிக் காட்றிஜ் 5 கிராமுக்கு மேலும் அழுத்தும். அவற்றில் பிக்சர் டிஸ்க் போடவே கூடாது.

ஒரு ஆறுதல்: இந்த இரைச்சல் மிகக் குறைவாக உறுத்துவது மெற்றல் மேடைப் பதிவில்தான். ‘என் விவோ’ 2011 ஏப்ரல் 10 அன்று சிலியின் சந்தியாகோ தேசிய விளையாட்டரங்கில் பதிவானது. அந்தக் கூட்டத்தின் ஆரவாரத்துக்குள் மேல்தாளின் இரைச்சல் அமுங்கிவிடும். பாடகர் பேசும் இடத்திலும் மெதுவான கிற்றார் தொடக்கத்திலும்தான் வெளியே தெரியும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் சிம்பல் சத்தம் கரகரத்தால் அது வேறு கதை. வெளி விளிம்பில் பள்ளம் செக்கனுக்கு ஏறக்குறைய 51 சென்ரிமீற்றர் ஓடுகிறது. உள்ளே லேபலை அண்டும்போது 21தான். அதே ஒலி குறைந்த நீளத்துக்குள் நெருக்கப்படுகிறது. இது கறுப்புத் தட்டுக்கும் பொது. கூம்பு முனை ஊசியை நீள்வட்ட முனைக்கு மாற்றினால் ஓரளவு குறையும்.

கேட்பதுதான் முக்கியம் என்றால் அதே நிகழ்ச்சியின் கறுப்புத் தட்டை வாங்குங்கள். பிக்சர் டிஸ்க் முதலில் கண்ணுக்கு, பிறகுதான் காதுக்கு.

கேள்வி: சித்தப்பா கனடாவிலிருந்து தன்னுடைய பழைய பிளேயரைக் கொண்டுவந்து தந்தார். ட்ரான்ஸ்ஃபோமர் போட்டுத்தான் ஓட்டுகிறேன். எல்லாப் பாட்டும் தூங்கி வழிகிறது.
– வாசகி, சுன்னாகம்

பதில்: ட்ரான்ஸ்ஃபோமர் 230 வோல்ற்றை 120 ஆக்கும், 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. உங்களுடைய பிளேயரில் இருப்பது மின்னோட்டத்தின் அலைவெண்ணைப் பின்பற்றிச் சுழலும் ஏசி மோட்டராக இருக்க வேண்டும். கனடாவில் 33⅓ சுற்றியது இங்கே 27.8தான் சுற்றும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று மேல் இறங்கும். மோட்டரின் கப்பியை 50 ஹேர்ட்ஸுக்குரிய பெரிய கப்பியாக மாற்றலாம். பெல்ட் பிளேயர்கள் பலவற்றுக்கு அது தனியாகக் கிடைக்கும். சிறிய அடப்டரில் ஓடும் டிசி மோட்டர் பிளேயர் என்றால் இந்தச் சிக்கலே இல்லை. அடப்டரில் 100–240 வோல்ற் என்று எழுதியிருந்தால் நேரே செருகலாம்.

மாற்றிய பின் வேகத்தைச் சரிபார்க்க 180 கோடுள்ள ஸ்ட்ரோப் வட்டம் (வேகம் சரியென்றால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும்) வேண்டும். கனடாவிலிருந்து வந்ததில் 216 கோடு இருக்கும், அது இங்கே உதவாது. பழைய குண்டு பல்ப் அல்லது ரியூப் லைற் வெளிச்சத்தில் பாருங்கள். எல்ஈடி விளக்குகள் பல மினுங்குவதில்லை, அதில் கோடு நின்று தெரியாது.

கேள்வி: இணையச் சந்தையில் 1980களின் நிகழ்ச்சி ஒன்றின் பிக்சர் டிஸ்க் ‘500 பிரதிகள் மட்டும்’ என்று மலிவாகப் போகிறது. அசலா?
– வாசகர், நெல்லியடி

பதில்: அட்டையில் ‘வானொலி ஒலிபரப்பு’ என்றோ ‘எஃப்எம் பதிவு’ என்றோ இருந்து, குழுவின் வழக்கமான நிறுவனத்தின் பெயர் இல்லாவிட்டால், குழுவின் சம்மதமில்லாமல் அடித்ததாக இருக்கும் சாத்தியம் அதிகம். சில நாடுகளின் பழைய உரிமைச் சட்ட ஓட்டைகளைப் பிடித்துக்கொண்டு இப்படி நிறைய வருகின்றன. மூல ஒலிநாடாவுக்குப் பதில் யாரோ வானொலியில் பிடித்த கசற்றே பலவற்றுக்கும் அடிப்படை. 500 என்ற எண் உண்மையாகவே இருக்கலாம். எண்ணிக்கை குறைந்ததால் மட்டும் தட்டு அரிதாகிவிடாது. தேடுகிறவன் இருக்க வேண்டும்.

வாங்க முன் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: அட்டையின் பின்புறக் கீழ் வரிகள், பார்கோட், கடைசிப் பாட்டுக்கும் நடுத் துளைக்கும் இடைப்பட்ட வெற்று வளையம். அந்த வளையத்தில் கீறியோ பதித்தோ இருக்கும் எழுத்தும் எண்ணும்தான் தட்டின் அடையாள அட்டை. பிக்சர் டிஸ்க்கில் கடதாசி லேபல் இல்லாததால் இது இன்னும் முக்கியம். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். நேரே எடுத்தால் படத்தின் நிறத்துக்குள் எழுத்து மறையும். டிஸ்கொக்ஸ் என்ற இசைத்தட்டுப் பட்டியல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு ஒப்பிடுங்கள். அதிகாரபூர்வமற்றவற்றை அங்கே அப்படியே குறித்திருப்பார்கள்.

அதே சாய்ந்த வெளிச்சம் கீறலுக்கும் வேண்டும். கறுப்பில் பளிச்சென்று தெரிகிற மயிர்க்கீறல், பல நிறப் படத்தின் மேல் கண்ணில் படாது. ஆகவே பிக்சர் டிஸ்க்குக்குக் கண்ணால் பார்த்துக் கொடுத்த தரத்தை நம்பாதீர்கள். போட்டுக் கேட்டுத் தரம் சொன்னதா என்று கேளுங்கள்.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?
– மாணவர், யாழ். பல்கலைக்கழகம்

பதில்: ஒரு குழு, ஒரு வகை என்று எல்லை போடுங்கள். அயர்ன் மெய்டன் ரசிகருக்கு வழி இலகு. ‘மெய்டன் இங்கிலண்ட் ’88’ 1988 நவம்பரில் பேர்மிங்ஹாமில் பதிவானது. முதலில் 1989இல் வீடியோக் கசற்றாக வந்தது. 2013இல் விடுபட்ட கடைசி மூன்று பாட்டுகளையும் சேர்த்து இரட்டைப் பிக்சர் டிஸ்க்காகவும் வந்தது. 2009இன் ‘ஃபிளைற் 666’ எங்களுக்குக் கொஞ்சம் நெருக்கம்: அதன் முதல் பாட்டு ‘ஏசஸ் ஹை’ 2008 பெப்ரவரியில் மும்பாயில் பதிவானது. ‘லிமிற்றெட்’ என்று ஸ்ரிக்கர் மட்டும் ஒட்டி எண்ணிக்கையே சொல்லாத தட்டுக்கு மேலதிகக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: லண்டன் கடையில் வாங்கித் தபாலில் எடுப்பதா, வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவதா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: கையில் கொண்டுவர ஆளிருந்தால் அதுவே நல்லது. அட்டை 31.5 சென்ரிமீற்றர் சதுரம், கைப்பையில் நிமிர்ந்து நிற்கும். பெரிய சூட்கேஸில் உடுப்புக்கு நடுவில் வைத்தால் மூலை நசுங்கும். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வரும் வான் வண்டியில் கடைசிக் கண்ணாடிக்குக் கீழே வைக்கவே வேண்டாம். பூட்டி வெயிலில் நின்ற வாகனத்துக்குள் தட்டு வளைய ஒரு சாப்பாட்டு நேரம் போதும்.

தபாலென்றால் சிறு பொதியின் உச்சம் 2 கிலோ. இரட்டைத் தட்டு ஒன்று பொதியோடு ஒரு கிலோவை அண்டும், ஆகவே ஒரு தடவைக்கு இரண்டு. விற்பவருக்கு இப்படி எழுதுங்கள்: தட்டை அட்டைக்குள் விடாமல் தனி உறையில் போட்டு அட்டைக்குப் பின்னால் வைக்கவும், இரு பக்கமும் நெளிமட்டை, ஒன்றின் வரி மற்றதன் வரிக்குக் குறுக்காக, மூலையைச் சுற்றி 2 சென்ரிமீற்றர் இடைவெளி, எல்லாவற்றையும் ஒரு பொலித்தீனில் சுற்றவும். ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை வாடை மழையில் அந்தப் பொலித்தீன்தான் காப்பாற்றும். தட்டை உள்ளேயே விட்டால் வழியில் குலுங்கி அட்டையின் ஒட்டிய விளிம்பைப் பிளக்கும்.

இசைத்தட்டின் சுங்கத் தலைப்பு 8523.80. தீர்வை தபாற்செலவும் சேர்ந்த பெறுமதியிலேயே கணக்கிடப்படும். அதற்கு மேல் வற் வரி 18 வீதம். ‘அன்பளிப்பு’ என்று குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். பொதி உடைந்தால் எழுதிய தொகைக்குத்தான் நட்டஈடு.

கேள்வி: நான்கு வருடமாக ஒளி ஊடுருவும் உறையிலேயே வைத்திருந்த தட்டில் பால் படிந்தாற்போல் மங்கல். துடைத்தும் போகவில்லை.
– வாசகர், பருத்தித்துறை

பதில்: அந்த உறையும் பிவிசிதான். அதை மெதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பசை வெக்கையில் வெளியேறித் தட்டின் மேல் படிந்து வேலை செய்திருக்கிறது. இலேசான மங்கல் சிலவேளை கழுவப் போகும். பள்ளத்துக்குள் இறங்கியது போகாது, இரைச்சலாகக் கேட்கும். பிக்சர் டிஸ்க்குகள் பெரும்பாலும் இப்படியான உறையில்தான் விற்பனைக்கு வருகின்றன. வாங்கிய அன்றே பொலிபுரொப்பிலீன் உறைக்கு மாற்றுங்கள். தொட்டால் ரப்பர்போல் ஒட்டி மணப்பது பிவிசி; சரசரவென்று சத்தமிடுவது பொலிபுரொப்பிலீன். பழைய உறையும் சேகரிப்பின் பகுதிதான் என்பதால் எறியாமல் வேறாக வையுங்கள்.

தட்டை நிமிர்த்தி வையுங்கள், சாய்த்தோ அடுக்கியோ அல்ல. மேற்குச் சுவரும் தகரக் கூரை அறையும் ஆகாது. கறையான் ஏறாத இரும்பு றாக்கை சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். அந்துருண்டை போட வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்ரிக்குக்கு ஆகாது. சுவரில் மாட்டினால் வெயில் படத்தின் நிறத்தை உறிஞ்சிவிடும்.

கேள்வி: கிணற்றுத் தண்ணீரில் கழுவலாமா?
– வாசகி, உரும்பிராய்

பதில்: கூடாது. எங்களுடைய நிலத்தடியே சுண்ணாம்புக் கல். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைதான் பள்ளத்திலும் காயும். ஊசி அதில் ஏறி ஏறி ஓடும். பெற்றோல் செற்றில் பற்றரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு லீற்றர் எடுங்கள். போத்தலில் அசிட் அல்ல என்பதை வாசித்து உறுதிசெய்யுங்கள். அரை லீற்றரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி, மிச்சம் அலசுவதற்கு. மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் துடையுங்கள்; குறுக்கே இழுக்கக் கூடாது. பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த இன்னொரு துணி. பிக்சர் டிஸ்க்கை ஊறப்போட வேண்டாம். விளிம்பு சரியாக ஒட்டாத தட்டில் ஈரம் உள்ளே போய்க் கடதாசியைத் தொட்டால் படம் குமிழ்விடும். மின்விசிறிக்கு முன்னால் காயவைக்காதீர்கள், தூசி ஒட்டும்.

கேள்வி: சீல் உடைக்காமல் வைத்தால்தானே விலை?
– வாசகர், மானிப்பாய்

பதில்: இறுகச் சுற்றிய பிளாஸ்ரிக் எங்கள் வெக்கையில் மேலும் சுருங்கி அட்டையையும் தட்டையும் வளைக்கும். வளைந்த சீல் தட்டை விட, நேரான திறந்த தட்டுக்குத்தான் மதிப்பு. ஸ்ரிக்கரை மட்டும் பிளாஸ்ரிக்கோடு வெட்டி எடுத்து அட்டைக்குள் போட்டுவையுங்கள்.

கேள்வி: வளைந்ததை நிமிர்த்தலாமா?
– அதே வாசகர்

பதில்: இலேசான வளைவு என்றால், சுத்தமான இரண்டு தடித்த கண்ணாடிகளுக்கு நடுவே, மேலே 4 கிலோ பாரம் வைத்து, நிழலில் மூன்று கிழமை. வெயிலிலும் ‘அவன்’ அடுப்பிலும் வைப்பது கறுப்புத் தட்டுக்கே ஆபத்து. அடுக்கடுக்கான இது பிரிந்தே போகும்.

கேள்வி: உருவமாக வெட்டிய சிறு தட்டுகளைச் சாதாரண பிளேயரில் போடலாமா?
– வாசகர், காரைநகர்

பதில்: போடலாம், தானியங்கி பிளேயரில் அல்ல. பள்ளம் நடுவிலுள்ள வட்டத்தில் மட்டும்தான். அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வெறும் படம். தானாக இறங்கும் ஊசி தட்டில்லாத இடத்தில் இறங்கிச் சுழல்மேடையின் பாயில் உரசி முறியும். பிளேயரை நிறுத்தி வைத்து, பள்ளம் தொடங்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து, ஊசிக்கையை அதற்கு நேரே கொண்டுவந்த பின் 45 வேகத்தில் சுழலவிட்டு, ஊசிக்கையின் நெம்பை மெதுவாக இறக்குங்கள். முடிந்ததும் கையால் தூக்குங்கள்.