டவர் கிரேன் தன்னைத்தானே எப்படி உயர்த்திக்கொள்கிறது?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் அடுக்குமாடியோடு சேர்ந்து கிரேனும் வளர்கிறதே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கட்டத்தை மொபைல் கிரேன் நிறுத்தித் தரும். பிறகு, மாஸ்ட்டை, அதாவது செங்குத்துக் கோபுரத்தைச் சுற்றியுள்ள கூண்டின் ஹைட்ராலிக் ஜாக் மேற்பகுதி முழுவதையும் தூக்கும். திறக்கும் இடைவெளியில் சுமார் 3 மீட்டர் புதுத் துண்டைப் பக்கவாட்டில் நுழைத்து போல்ட் போடுவார்கள்.

ஆபத்தே இங்குதான். அந்நேரம் மேற்பகுதிக்கும் மாஸ்ட்டுக்கும் இடையே போல்ட் கிடையாது. முன்கையில் ஓடும் டிராலியில் எடை தொங்கவிட்டு, கையேடு சொல்லும் தூரத்தில் நிறுத்தி, முன்கையும் பின்கையும் சமமான பிறகே போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஜிப்பை, அதாவது முன்கையைத் துளியும் திருப்பக் கூடாது. சமநிலை குலைந்தால் கிரேனே சாயும். இங்கே மே மாத மாலைக் காற்றில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

சுமை? மாஸ்ட்டிலிருந்து 20 மீட்டர் தூரத்தில் 6 டன் தூக்கும் கிரேன், தூரம் மூன்று மடங்காவதாலும் டிராலி, கொக்கி எடையும் சேர்வதாலும், 60 மீட்டரில் 2 டன்கூடத் தூக்காது.