கணினி மாதிரியின் விடை அளவீட்டோடு பொருந்திவிட்டால் போதாதா?

கேள்வி: முதுநிலைப் பொறியியல் படிக்கிறேன். ஒரு வாய்க்காலின் நீரோட்டத்தைக் கணினியில் உருவகப்படுத்தியிருக்கிறேன். அளந்த நீர்மட்டத்தோடு ஒப்பிட்டால் நாஷ்-சட்கிளிஃப் மதிப்பு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.96 வருகிறது. ஆனாலும் மதிப்பாய்வுக் குழுவில் ஒருவர் ‘இது எதையும் நிரூபிக்கவில்லை’ என்கிறார். விடை பொருந்திய பிறகும் என்ன நிரூபிக்க வேண்டும்?

பதில்:

அந்த ஒருவர் சொல்வது சரி. அடுத்த மதிப்பாய்வுக்கு ஒரு வாரமோ பத்து நாளோதான் இருக்கும், ‘வேண்டுமென்றே குடைகிறார்’ என்று விடுதி அறையில் பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எனக்கு அப்படிக் குடைய ஒருவர் வாய்க்கவில்லை. என் மாதிரியின் வரைபடத்தைப் பார்த்த எல்லோரும் பாராட்டினார்கள். அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். படித்து முடித்து ஆலோசனை நிறுவனம் ஒன்றில் சேர்ந்த சில ஆண்டுகளில், முத்துப்பேட்டைக் காயலை நோக்கிப் போகும் ஆறுகளில் ஒன்றின் கடைசி 30 கிலோமீட்டருக்கு மாதிரி செய்யும் பணி வந்தது. ஆற்றின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். தலைப்பில், அதாவது ஆறு பிரிகிற இடத்து மதகில், இத்தனை கனஅடி திறந்தால் கடைமடைக்கு எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு நீர் போய்ச் சேரும் என்பதுதான் அவர்கள் கேட்டது. டெல்டாவில் இந்தக் கணக்கைப் போடாத ஆளே கிடையாது. 2021இல் ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தார்கள், 16 அன்று கல்லணையைத் திறந்தார்கள். அந்த நான்கு நாள் கணக்கு எங்கள் ஊர் டீக்கடையில் எவருக்கும் தெரியும். கல்லணைக்குக் கீழே, வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பையும் தாண்டி, ஆறு ஆறாகவும் வாய்க்கால் வாய்க்காலாகவும் பிரிந்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு.

நான் எடுத்துக்கொண்டவை செயின்ட் வெனான் 1871இல் தந்த சமன்பாடுகள். நீர் எங்கும் தொலைந்துவிடாது என்பதற்கு ஒன்று, அதை ஓட வைக்கும் விசைகளுக்கும் தடுக்கும் விசைகளுக்குமான கணக்கு இன்னொன்று. அவற்றைத் தாளில் தீர்க்க முடியாது என்பதால் ஆற்றை 100 மீட்டர்த் துண்டுகளாகவும் நேரத்தை ஒரு நிமிடப் படிகளாகவும் வெட்டிக் கணினியிடம் கொடுத்தேன். முதல் நாளே ஆற்றின் நீர்மட்டம் ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்கி, இருபதாவது நிமிடத்தில் கோபுர உயரத்துக்குப் போய்விட்டது. காரணம் எளிது. முக்கால் மீட்டருக்கும் குறைவான ஆழமுள்ள அந்த நீரில் ஒரு சலனம் விநாடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர் நகரும்; ஒரு நிமிடத்தில் 168 மீட்டர் போய்விடும்; என் துண்டோ 100 மீட்டர்தான். ஒரு காலப்படிக்குள் சலனம் ஒரு துண்டைத் தாண்டிவிட்டால், நான் எழுதியதைப் போன்ற வெளிப்படை முறைக் கணக்கு (முந்தைய படியின் விடையிலிருந்து அடுத்ததை நேராகப் போடுவது) குலைந்துபோகும் என்று கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928இலேயே எழுதிவிட்டார்கள். காலப்படியை 20 விநாடியாக்கினேன், அடங்கியது. இப்படிப்பட்ட தவறுகள் உண்மையில் நல்லவை. கோபுர உயரத்துக்கு நீர் போனால் எவரும் அதை நம்பி அறிக்கை எழுதமாட்டார்கள்.

அடுத்ததாகத் தரைமட்டம். கரைக்கு வெளியே உள்ள நிலத்துக்கு, 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்தின் ரேடார் எடுத்த உயரத் தரவைத்தான் முதலில் போட்டேன். அது இலவசம். எங்கள் பகுதியில் தென்னந்தோப்பு இருந்த இடமெல்லாம் அதில் மேடாகத் தெரிந்தது. ரேடார் தரையைப் பார்க்காமல் மட்டையைப் பார்த்திருக்கிறது. 30 கிலோமீட்டருக்கு மொத்தச் சரிவே 6 மீட்டர் என்கிற ஊரில் அந்தத் தரவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே மே மாதம், ஆறு காய்ந்து கிடந்தபோது, இரண்டு பேரோடு இறங்கி நடந்தே லெவல் எடுத்தோம். அந்த வேலையில் எனக்கு இன்றும் பெருமைதான். தூர்ந்த இடம், மணல் எடுத்த பள்ளம், நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிய கரையோரம், உடைந்த படித்துறை என்று ஒவ்வொரு குறுக்குவெட்டும் கண்ணால் கண்டு எழுதியது.

ஜூனில் தண்ணீர் வந்தது. எங்கள் ஆற்றின் தலைப்பில் முதலில் விட்டது 150 கனஅடி. வாய்க்காலின் சொரசொரப்பைச் சொல்லும் எண்ணான மானிங் கெழு 0.03 என்று, அதாவது ஓரளவு சுத்தமான மண் வாய்க்காலுக்கு உரிய மதிப்பில், என் மாதிரி சொன்னது 14 மணி நேரம். காய்ந்த மணல் குடிக்கும் நீருக்கும் ஒரு கழிவு போட்டிருந்தேன். கடைமடைக்கு நீர் உண்மையில் வந்து சேர 31 மணி நேரம் ஆயிற்று. நடுவில் இருந்த அளவுப் பலகையிலும் நான் சொன்னதைப் போல இரண்டு மடங்கு ஆழம் நின்றது.

இந்த இடத்தில் நான் செய்ததைத்தான் நீங்களும் செய்திருப்பீர்கள் என்பது என் சந்தேகம். கெழுவை ஏற்றினேன். அகன்ற வாய்க்காலில் ஒரே அளவு நீர் ஓடும்போது, சொரசொரப்பு இரண்டு மடங்கானால் ஆழம் ஒன்றரை மடங்காகும், நீர் வந்து சேரும் நேரமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் நீளும். 0.05, 0.08 என்று ஏற்றிக்கொண்டே போய் 0.11இல் வைத்தபோது, வந்து சேர்ந்த நேரமும் அளவுப் பலகையின் ஆழமும் ஒருசேரப் பொருந்தின. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. 0.11 அதிகம் என்று எனக்கே உறுத்தியது. ஆனால் நீரியல் அறிஞர் வென் தே சோ 1959இல் தொகுத்த அட்டவணையில், செடிகொடி அடர்ந்த ஓடைக்கு 0.15 வரைகூட இடம் இருக்கிறது. காட்டாமணக்கை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன், ஆங்காங்கே வெங்காயத் தாமரையும் இருந்தது. அட்டவணை இடம் கொடுத்தது, மனமும் இடம் கொடுத்தது. அறிக்கை போயிற்று. கூட்டத்தில் கைதட்டினார்கள். ஒருவர் மட்டும், காணொளியில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் நீலமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று குறை சொன்னார். அதையும் செய்து கொடுத்தேன்.

அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தது. ஒருநாள் மாலை 6 மணிக்குத் தலைப்பில் 900 கனஅடி திறந்தார்கள். மாதிரியை ஓட்டினேன். கடைமடைக்கு மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு நீர் வரும் என்றும், நடுவில் ஓர் ஊரில் ஆழம் 4 மீட்டரை நெருங்கி 3 மீட்டர்க் கரையைத் தாண்டும் என்றும் சொன்னது. அந்த ஊருக்கு மணல் மூட்டைகள் போயின. கடைமடையில் என் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் தாளடி. மழைநீர் வடியட்டும் என்று வடிகால் மதகின் பலகையைத் தூக்கி வைத்திருந்தார், கரையடியில் ஆயில் இன்ஜினையும் இறக்கி இறைத்துக்கொண்டிருந்தார். நான்தான் தொலைபேசியில் சொன்னேன், விடியற்காலை எழுந்து பலகையை இறக்கினால் போதும் என்று.

நீர் இரவு 1 மணிக்கே வந்துவிட்டது. ஆறு ஏறியதும் திறந்திருந்த மதகு வழியாக வயலுக்குள் எதிர்த்து ஏறி, நட்டு எட்டு நாளான பயிரை மூழ்கடித்துவிட்டது. இன்ஜினின் புகைக்குழாய் மட்டும் ஒரு சாண் வெளியே தெரிந்ததாம். மணல் மூட்டைகள் போன ஊரில் நீர் 2 மீட்டரைக்கூடத் தொடவில்லை. மூட்டைகள் பள்ளிக்கூடச் சுவரோரம் அடுக்கிய வாக்கிலேயே கிடந்தன. காலையில் நான் போய் நின்றபோது சித்தப்பா திட்டவில்லை. “என்ன தம்பி, உன் பொட்டி ஒன்பதரைன்னுல்ல சொல்லிச்சு” என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

பத்து நாள் கழித்து நீர் இறங்கியதும் அவரோடு கரை மேல் நடந்து பார்த்தேன். அளவுப் பலகைக்கு 2 கிலோமீட்டர் கீழே, ஆற்றின் குறுக்கே ஒரு வரிசையாக மூங்கில் முளைகள் ஒடிந்து நின்றன. என்ன இது என்றேன். கொரம்பு என்றார். ஆற்றில் நீர் குறைவாக வரும்போது பக்கத்து வாய்க்கால் மதகுக்கு நீர் ஏறாது. அப்போது முளை அடித்து, தழையும் வைக்கோலும் மண்ணும் போட்டுக் குறுக்கே அடைத்து மட்டத்தை உயர்த்துவார்கள். பெருவெள்ளம் வந்தால் அது தானே அறுத்துக்கொண்டு போய்விடும். ஜூனில் நீர் வந்த அன்றே அதைப் போட்டிருக்கிறார்கள். முளை அடித்தவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஜூனில் ஆழம் இரட்டித்தது, அடைப்புக்கு மேலே நீர் தேங்கியதால். இத்தனை தட்டையான சரிவில் ஒரு மீட்டர் உயர அடைப்பின் பின்தேக்கம் 5 கிலோமீட்டர் மேலே வரை போகும். என் அளவுப் பலகை அதற்குள் நின்றது. நேரம் இரட்டித்ததற்குக் காரணம், நீர் முதலில் அந்தத் தேக்கத்தை நிரப்பி, பக்கத்து வாய்க்கால்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, மிச்சம்தான் கீழே நகர்ந்தது. கொரம்பு செய்த வேலை முழுவதையும் நான் செடிகொடியின் தலையில் எழுதிவிட்டேன். 150 கனஅடியில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 900 கனஅடியில் கொரம்பு இல்லை, என் 0.11 மட்டும் இருந்தது. பிறகு 0.03 வைத்து அந்த வெள்ளத்தை மறுபடி ஓட்டினேன்: 7 மணி நேரம். அதாவது இரவு 1 மணி. மே மாதம் நான் முதலில் வைத்த மதிப்பு சரியாகவே இருந்திருக்கிறது. அதைக் கெடுத்தது ஜூனில் கிடைத்த பொருத்தம்.

நான்கு பேர் வந்து ‘இதற்குத்தான் கணினியை நம்பாதே, அனுபவசாலியைக் கேள்’ என்று எழுதுவார்கள் என்று தெரியும். அந்தக் கட்சியில் நான் இல்லை. அன்று இரவு 1 மணிக்கு நீர் வரும் என்று எந்த அனுபவசாலியும் சொல்லவில்லை. கெழு சரியாக இருந்திருந்தால் கணினி சொல்லியிருக்கும். இரு பரிமாண மாதிரி செய்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்று சிலர் சொல்வார்கள். தரவில் இல்லாத கொரம்பை எத்தனை பரிமாணத்தில் போட்டாலும் காண முடியாது. ஊராரைக் கேட்டிருக்கலாமே என்பது நியாயம்தான், ஆனால் கேட்டேன். ஆற்றின் குறுக்கே அடைப்பது விதிப்படி கூடாது. கையில் அலுவலகக் கோப்போடு, மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் அரசுப் பணியாளரான லஸ்கரையும் கூட்டிக்கொண்டு நிற்கிறவனிடம், அவன் சொந்த அண்ணன் மகனே ஆனாலும், எவர் சொல்வார்?

என் மனத்தாங்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் உரிமத்துக்கும் காணொளிக்கும் திட்ட மதிப்பீட்டில் தாராளமாகப் பணம் இருந்தது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு 1995இலிருந்து இலவசமாகத் தரும் ஹெக்-ராஸே அந்த வேலைக்குப் போதும் என்று நான் சொன்னதை எவரும் காதில் வாங்கவில்லை. இரவில் அளவுப் பலகையை வாசிக்க ஓர் ஆளுக்குக் கூலி கேட்டபோது மட்டும், அதற்குச் செலவுக் கணக்கில் இடமே கிடையாது என்றார்கள். கைக்குக் கிடைத்த பதிவேட்டில் ஒன்பது நாள் தொடர்ந்து ஒரே மட்டம் எழுதியிருந்தது. இன்னொரு இடத்தில், அடைப்புக்குக் கீழே, ஜூனில் ஒரே ஒரு பலகையை ஒழுங்காக வாசித்திருந்தால் அங்கே ஆழம் குறைவாக இருந்தது தெரிந்திருக்கும், என் 0.11 அன்றே செத்திருக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 0.96 என்பது எந்தத் தரவின் மேல் கிடைத்தது? கெழுவைத் திருத்தப் பயன்படுத்திய அதே தரவின் மேல் என்றால், மதிப்பாய்வுக் குழுவில் அந்த ஒருவர் சொன்னது உங்களுக்கு முழுக்கப் பொருந்தும். விடையைப் பார்த்து எழுதிய தேர்வுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டதைப் போன்றது அது. தரவைப் பிரியுங்கள். பிரிக்கும்போது பாதி நாள், பாதி நாள் என்று வெட்டாமல், குறைந்த நீரோட்டத்தில் திருத்தி, அதிக நீரோட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். என் தவறு அப்படித்தான் வெளிப்பட்டது, ஒரு பயிர் போன பிறகு. துண்டின் நீளத்தைப் பாதியாக்கினால் விடை அசைகிறதா, உள்ளே வந்த நீரும் வெளியே போன நீரும் தேங்கியதும் கூட்டினால் சரியாக வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இவை ஒரு பிற்பகல் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, கெழுவை எந்த மதிப்புக்கு நகர்த்தினீர்களோ அதே விளைவை வேறு எது தந்திருக்கும் என்று ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொன்றையும் வாய்க்காலில் போய்ப் பார்த்து அடித்துவிட்டு வாருங்கள்.

இப்போதெல்லாம் ஜூன் மாதம் சித்தப்பாவே அழைத்துச் சொல்லிவிடுகிறார், இன்று கொரம்பு போடுகிறோம் என்று. மாதிரியில் அந்த இடத்தில் ஒரு தடுப்பைச் சேர்த்திருக்கிறேன். அறிக்கைகளில் அதற்கு ‘பருவகாலத் தடை’ என்று பெயர்.

உங்கள் கேள்வியில் மானிங் கெழு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. மதிப்பையும், அளவுப் பலகைக்குக் கீழே 5 கிலோமீட்டருக்குள் மதகோ பாலமோ அடைப்போ என்னென்ன இருக்கின்றன என்பதையும் எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.