இதயத்திலேயே கட்டி உருவாகுமா? அறுவைக்கு வருபவர்களிடம் எந்த வகை அதிகம்?

உருவாகும், ஆனால் அபூர்வம். எவ்வளவு அபூர்வம் என்பது எங்கே எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. பிரேதப் பரிசோதனைகளில் சுமார் 0.02%, அதாவது 5000 பேரில் ஒருவர். நுரையீரல், மார்பகம் போன்ற இடங்களிலிருந்து புற்று இதயத்துக்குப் பரவுவது இதைவிடக் குறைந்தது 20 மடங்கு அதிகம். அறுவை அரங்கப் பதிவேட்டைப் புரட்டினால் கணக்கு மாறும். அங்கே வருபவை அறுத்தால் பலன் உண்டு என்று சலித்து எடுக்கப்பட்டவை. அப்படியும் மொத்தத் திறந்த இதய அறுவைகளில் 1 சதவீதத்தைத் தொடுவது அரிது.

அந்தச் சல்லடையால்தான் அறுத்தெடுக்கும் கட்டிகளில் பத்தில் ஒன்பது சாதுவானவையாக, அதாவது புற்று அல்லாதவையாக இருக்கின்றன. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ராப்டோமயோமா என்ற சாதுவான தசைக் கட்டி பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். ரத்த ஓட்டத்தை அடைத்தாலோ துடிப்பைக் குலைத்தாலோதான் கத்தி. வலது மேலறையில் வரும் ஆஞ்சியோசார்கோமா என்ற புற்று கண்டுபிடிக்கும்போதே பல நேரம் நுரையீரலுக்குப் போயிருக்கும். ஆகவே இரண்டும் மேசைக்கு அதிகம் வருவதில்லை.

அதிகம் வருவது மிக்சோமா என்ற சாதுவான கட்டி. முக்கால்வாசி இடது மேலறையில், நடுச்சுவரின் ஓவல் குழியருகே காம்போடு தொங்கும். 30 முதல் 60 வயதில், பெண்களிடம் கூடுதல். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வை அடைத்து மூச்சிரைப்பு தரும். படுத்தால், திரும்பினால் அறிகுறி மாறும். காரணம் தெரியாத காய்ச்சலும் எடைக் குறைவும்கூட வரலாம். துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம், காலுக்குப் போனால் அங்கே தமனி அடைபடும். கால் தமனியிலிருந்து எடுத்த அடைப்பை வெறும் ரத்த உறைவு என்று வீசிவிடாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வது இதற்காகத்தான். அடுத்து வருவது வால்வில் ஒட்டும் பாப்பிலரி பைப்ரோஎலாஸ்டோமா, 1 செ.மீ. இருந்தாலே பக்கவாதம் தரக்கூடியது.

எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) மிக்சோமாவையும் ரத்த உறைவையும் குழப்பிக்கொள்வது உண்டு. மைட்ரல் வால்வு சுருங்கி, துடிப்பும் தாறுமாறாக உள்ளவருக்கு, மேலறையின் காதுமடல் எனப்படும் சிறு பையில் காம்பில்லாமல் ஒட்டியிருந்தால் முதலில் உறைவைச் சந்தேகியுங்கள். உணவுக்குழாய் வழி எக்கோ, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, குழப்பத்தைத் தீர்க்கும்.

மிக்சோமா என்று உறுதியானால் மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் பைபாஸ் இயந்திரத்தின் துணையோடு 1954-ல் ஸ்டாக்ஹோமில் அறுவை மருத்துவர் கிராஃபோர்ட் முதலில் வெற்றிகரமாக எடுத்த அறுவை இது. அடிப்படை இன்றும் அதுவே. பெருந்தமனியைக் கவ்வி இதயத்தை நிறுத்தும்வரை அதை அதிகம் தொட்டுப் புரட்டக் கூடாது. ஜெல்லி போன்ற கட்டி, உடைந்தால் துணுக்கு நேரே மூளைக்கு. காம்பை மட்டும் நறுக்காமல், சுற்றிலும் அரை முதல் ஒரு செ.மீ. சுவரோடு எடுத்து, ஓட்டையைப் பெரிகார்டியம் என்ற இதய உறைத் துண்டால் தைப்பார்கள். மற்ற அறைகளையும் பார்த்து, உப்புநீரால் அலசிவிட்டுத்தான் மூடுவார்கள். பிறகு சிலருக்குத் துடிப்பு சில நாள் தடுமாறும்.

தனித்து வந்த மிக்சோமா திரும்புவது நூற்றில் ஒன்று முதல் மூன்று பேருக்கு. குடும்பவழி வந்தால் பத்தில் ஒன்றுக்கும் மேல். வயது குறைவு, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டி, உதட்டிலும் முகத்திலும் கரும்புள்ளிகள் இருந்தால் பரம்பரையாக வரும் கார்னி நோய்த்தொகுதியாக இருக்கலாம். அப்போது நோயாளிக்கு ஆண்டுதோறும் எக்கோ வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.